கல்லூரி ஸ்டோர் மூலையில் கிடக்க வேண்டுமா?

நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் மாணவர் கூட்டுறவு ஸ்டோர் என்று ஒன்று உண்டு. பெயர்ப் பலகை உண்டு. அங்கத்தினர் பட்டியல் உண்டு. ஆண்டுக்கொரு முறை தணிக்கையும் உண்டு. ஆனால், "ஸ்டோர் எங்கே இருக்கிறது?" என்று முதலாண்டு மாணவன் ஒருவனைக் கேட்டுப் பாருங்கள். பத்தில் பாதிப் பேர் விழிப்பார்கள். மற்றவர்கள், "அதோ, அந்தப் பழைய கட்டடத்துக்குப் பின்னால், சைக்கிள் ஷெட்டைத் தாண்டி, மாடியில்" என்று கையை நீட்டுவார்கள். போய்ப் பார்த்தால் கதவில் பூட்டுத் தொங்கும்.

அதே கல்லூரியின் பிரதான வாசலுக்கு வாருங்கள். வாசலை அடுத்த நல்ல அறை, நிழலும் வெளிச்சமும் உள்ள அறை, யார் கையில் இருக்கிறது? ஏலத்தில் எடுத்த தனியார் கடைக்காரர் கையில். அல்லது பழைய நாற்காலிகளும் உடைந்த மேஜைகளும் அடைத்த கிடங்காக இருக்கிறது. மாணவர்களுக்குச் சொந்தமான கடை மூலையில். மாணவர்களிடம் லாபம் எடுக்கும் கடை வாசலில்! உடைந்த மேஜைக்குக் கிடைக்கும் மரியாதை கூட மாணவர் ஸ்டோருக்குக் கிடையாது. இது தற்செயலாக நேர்ந்ததா? இப்படியே இருக்கத்தான் வேண்டுமா? இதுதான் நாம் எழுப்பும் கேள்வி.

சின்னப் பிரச்னையா?

"கல்விக் கட்டணம் ஏறுகிறது, ஆசிரியர் பணியிடங்கள் காலியாகக் கிடக்கின்றன, படித்து முடித்தவனுக்கு வேலை இல்லை, இத்தனை பெரிய பிரச்னைகள் இருக்க, ஒரு நோட்டுக் கடை எங்கே இருந்தால் என்ன?" என்று சில நண்பர்கள் கேட்கக் கூடும். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வேண்டியது நம் கடமை.

விவசாயக் கூலியின் மகள் ஒருத்தி கல்லூரிக்கு வருகிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். சேர்க்கை கிடைத்ததோடு செலவு முடிந்து விடுகிறதா? ரெக்கார்டு நோட்டு, அப்ஸர்வேஷன் நோட்டு, கிராஃப் தாள், ஏ4 தாள், லாபரட்டரிக் கோட்டு, கால்குலேட்டர், ஜெராக்ஸ், பைண்டிங் என்று ஒவ்வொரு செமஸ்டரிலும் சில்லறைச் செலவுகள் வரிசை கட்டி நிற்கின்றன. ரெக்கார்டு நோட்டு இல்லாமல் பிராக்டிகல் பரீட்சைக்குப் போக முடியாது. 'நாளை வாங்கிக் கொள்ளலாம்' என்று தள்ளிப் போட முடிகிற பண்டங்கள் அல்ல இவை.

சர்க்காரும் இதை உணர்ந்துதான் இருக்கிறது. சர்க்கார் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. ஆண் மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. வரவேற்க வேண்டிய திட்டங்களே. ஆனால் அந்த 1000 ரூபாயில் எத்தனை ரூபாய் வாசல் கடைக்காரரின் லாபமாகப் போய்ச் சேருகிறது? அட்டையில் அச்சிட்ட விலை என்பது அதிகபட்ச விலை. அதற்கு மேல் விற்கக் கூடாது என்பதே அதன் பொருள். அதற்குக் கீழே விற்க எந்தத் தடையும் இல்லை. மொத்தமாக வாங்கும் கடைக்காரருக்கு அது எவ்வளவு குறைவாகக் கிடைக்கிறது என்பது ஊரறிந்த விஷயம். அந்த வித்தியாசத்தை மாணவன் பையில் போடுவதற்காகத்தானே கூட்டுறவு ஸ்டோர்?

இன்னொன்றையும் கவனியுங்கள். நோட்டுப் புத்தகம், பென்சில், ரப்பர் ஆகியவற்றின் மீதிருந்த ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. நீங்கிய வரி விலைக் குறைவாக மாணவன் கைக்கு வந்து சேர்ந்ததா, வழியிலேயே யாராவது விழுங்கி விட்டார்களா? கல்லூரிக்குள் நேர்மையான ஸ்டோர் ஒன்று விலைப் பலகையோடு நடந்தால், அந்தப் பலகையே வெளிக்கடை விலைக்கு ஒரு கடிவாளம். ஸ்டோர் மூலையில் கிடந்தால் கடிவாளம் ஏது? எனவே, இது சின்னப் பிரச்னை அல்ல. கட்டணப் பிரச்னையின் இன்னொரு முனைதான் இது.

பத்து நிமிஷக் கணக்கு

ஸ்டோர் இருக்கும் இடத்தை எதைக் கொண்டு அளப்பது? மீட்டரைக் கொண்டு மட்டும் அளந்தால் போதாது. நிமிஷத்தைக் கொண்டு அளக்க வேண்டும்.

வகுப்பறையிலிருந்து ஸ்டோர் 400 மீட்டர் தூரம் என்று வைத்துக் கொள்வோம். 'நானூறு மீட்டர் ஒரு தூரமா?' என்று நிர்வாகம் சிரிக்கலாம். சாதாரணமாக நடக்கிறவர் நிமிஷத்துக்கு 80 மீட்டர் நடப்பார். போக ஐந்து நிமிஷம், வர ஐந்து நிமிஷம். இடைவேளை பத்து நிமிஷம் என்றால், பண்டம் வாங்க மிஞ்சும் நேரம் எவ்வளவு? பூஜ்யம்! காகிதத்தில் ஸ்டோர் திறந்தே இருக்கிறது. காரியத்தில் அது மூடிக் கிடக்கிறது.

சரி, மத்தியான இடைவேளையில் போகலாமே என்பீர்கள். அப்போதுதான் ஸ்டோர் ஊழியரும் சாப்பிடப் போகிறார். ஒரே ஆள், அவருக்கும் வயிறு உண்டு. அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இன்னொரு ஆளைப் போடாத நிர்வாகத்தைத்தான் கேட்க வேண்டும்.

சாயங்காலம்? நகரத்துக்கு வெளியே இருக்கும் கல்லூரிக்கு, சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகளே அதிகம். மணி அடித்ததும் டவுன் பஸ் கிளம்பி விடும். அதை விட்டால் அடுத்த பஸ் எப்போது என்று நிச்சயமில்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த ஒரு வசதியை நம்பியே மகளைப் படிக்க அனுப்பும் குடும்பங்கள் உண்டு. ஒரு நோட்டுக்காக அந்த பஸ்ஸை அவள் விடுவாளா? விட மாட்டாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, எதிர்ப்படும் கடையில், சொன்ன விலைக்கு வாங்கிக் கொண்டு போவாள்.

இரண்டு சுழற்சியாக வகுப்பு நடக்கும் கல்லூரிகளின் கதை இன்னும் மோசம். ஸ்டோர் காலைச் சுழற்சிக்காரர்களுக்கு மட்டும் திறக்கிறது. மாலைச் சுழற்சி மாணவர்களும் அங்கத்தினர்களே. பங்குத் தொகை கட்டியவர்களே. ஆனால் அவர்கள் வரும்போது பூட்டு, போகும்போதும் பூட்டு! ஹாஸ்டல் மாணவர்களுக்கோ ராத்திரி எட்டு மணிக்குத்தான் பேனா தீர்ந்து போகிறது. அவர்களுக்கு வழி?

ஆகவே, 'இடம்' என்று நாம் சொல்லும்போது அறையை மட்டும் சொல்லவில்லை. அறை, வழி, நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் இடம்.

நஷ்டம் எங்கிருந்து வருகிறது?

"ஸ்டோர் நஷ்டத்தில் நடக்கிறது, யாரும் வருவதில்லை. இதற்குப் போய் நல்ல அறை வேறா?" என்பது நிர்வாகங்களின் வழக்கமான வாதம். இந்த வாதம் தலைகீழாக நிற்கிறது. அதை நேராக நிமிர்த்துவோம்.

ஸ்டோர் மூலையில் இருப்பதால் மாணவர் வருவதில்லை. வராததால் விற்பனை குறைகிறது. விற்பனை குறைவதால் மொத்தமாகச் சரக்கு எடுக்க முடிவதில்லை. டஜன் கணக்கில் எடுக்கிறார்கள். டஜன் கணக்கில் எடுப்பதால் கொள்முதல் விலை கூடுகிறது. கூடிய விலைக்கு வாங்கி மலிவாக விற்பது எப்படி? எனவே வெளிக்கடை விலையே இங்கும். அதோடு, கேட்ட பண்டம் இருப்பதும் இல்லை. இரண்டு முறை 'இல்லை' என்ற பதில் கேட்டவன் மூன்றாம் முறை படியேறுவானா? கடைசியில் மிஞ்சுவது பழுப்பேறிய நோட்டுகளும், எழுதாத பேனாக்களும், ஒரு கணக்குப் புத்தகமும்தான்.

நோயை உண்டாக்கியது இடம். நோயாளியைக் காட்டி, "இவனுக்கு எதற்கு வைத்தியம்?" என்று கேட்பது நிர்வாகம்! ஸ்டோருக்கு நல்ல இடம் தராமல், அது நஷ்டமடைந்ததைக் காரணமாகக் காட்டி அதை மூடி, அந்த உரிமையையும் ஏலத்தில் விட்டால், முடிவில் லாபம் யாருக்கு? ஏலம் எடுப்பவர் தர்மத்துக்காகவா எடுக்கிறார்? கல்லூரிக்குக் கட்டும் வாடகையை அவர் தம் கைப்பணத்திலிருந்தா கட்டுகிறார்? ஒவ்வொரு நோட்டிலும், ஒவ்வொரு டீயிலும், ஒவ்வொரு ஜெராக்ஸ் பக்கத்திலும் காலணா அரையணாவாகச் சேர்த்து மாணவனிடமிருந்துதான் வசூலிக்கிறார். ஆகவே 'கல்லூரிக்கு வருமானம்' என்று பெருமையாகச் சொல்லப்படுவது, மாணவர்கள் மீது விதித்த மறைமுகக் கட்டணமே தவிர வேறல்ல.

தொழிலாளிகள் காட்டிய வழி

கடை எங்கே இருக்க வேண்டும், எப்போது திறக்க வேண்டும் என்பதைக் கூட்டுறவு இயக்கம் பிறந்த நாளிலிருந்தே யோசித்து வந்திருக்கிறது.

இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஆலை நகரத்தில், நெசவாளிகளும் பிற தொழிலாளிகளுமாக 28 பேர் கூடி, 28 பவுன் மூலதனம் சேர்த்து, 1844 டிசம்பர் 21 அன்று ஒரு கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவத்தி - இவ்வளவுதான் சரக்கு. கடைக்காரர்கள் கலப்படமும் கள்ள எடையும் செய்து தொழிலாளியைச் சுரண்டிய காலம் அது. அந்த 28 பேரும் கடையை எங்கே வைத்தார்கள்? தெருவோரக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில். எப்போது திறந்தார்கள்? வேலை விட்டு ஆட்கள் திரும்பும் சாயங்கால வேளையில். அங்கத்தினன் எப்போது வர முடியுமோ அப்போது திறப்பதுதான் அங்கத்தினன் கடை. அதிகாரிக்கு எப்போது சௌகரியமோ அப்போது திறப்பது ஆபீஸ்!

நம் சென்னைக்கு வருவோம். திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904-ல் தொடங்கியது. நூறாண்டு தாண்டி நிற்கும் அந்தச் சங்கம் வளர்ந்த வழி என்ன? 'எல்லோரும் திருவல்லிக்கேணிக்கு வாருங்கள்' என்று அது சொல்லிக் கொண்டிருக்கவில்லை. மக்கள் இருக்கும் வட்டாரங்களில் கிளை மேல் கிளையாகத் திறந்து, கடையை ஜனங்களிடம் கொண்டு போயிற்று.

ஜப்பானில் ஏறத்தாழ 200 பல்கலைக்கழகக் கூட்டுறவுச் சங்கங்கள் இயங்குகின்றன. யுத்தத்தில் நொறுங்கி, சோற்றுக்கும் புத்தகத்துக்கும் பஞ்சம் தலைவிரித்தாடிய நாட்களில் வலுப்பெற்ற இயக்கம் அது. 1947-ல் அவை ஒரு தேசிய அமைப்பாகத் திரண்டன. மாணவரும் ஆசிரியரும் ஊழியரும் அங்கத்தினர். புத்தகக் கடையும் சாப்பாட்டுக் கூடமும் வளாகத்தின் நடுவே, எல்லோரும் நடமாடும் இடத்தில். பக்கத்திலுள்ள கேரளத்தைப் பாருங்கள். பள்ளிக்கூடங்களில் கூடக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. பாடப் புத்தகமே அவற்றின் மூலம் பிள்ளைகளுக்கு வருகிறது. அங்கெல்லாம் முடிகிற காரியம் இங்கே மட்டும் ஏன் முடியாது?

மூன்று படிக்கட்டு

இனி, இன்னும் முக்கியமான விஷயம். நடந்து போகிறவனுக்கு ஸ்டோர் தூரமாக இருக்கிறது. நடக்க முடியாதவனுக்கு?

சக்கர நாற்காலியில் வரும் மாணவிக்கு முன்னால் மூன்று படிக்கட்டு நிற்கிறது. மூன்றே மூன்று! மற்றவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. அவளுக்கோ அது மதில் சுவர். அவள் என்ன செய்கிறாள்? தோழியிடம் காசு கொடுத்து வாங்கி வரச் சொல்கிறாள். பேனா வாங்கினாலும் தன் கையால் எழுதிப் பார்த்து வாங்க முடியாது. தோழி வராத நாளில் பக்கத்து பெஞ்சுப் பையனைக் கேட்க வேண்டும். மாதவிடாய் நாளில் நாப்கின் வேண்டும் என்று யாரைப் பார்த்துச் சொல்வாள்? ஒரு கடைக்குள் தானே போய், தானே பொறுக்கி எடுத்து, தானே காசு கொடுத்து வருவது என்பது சலுகை அல்ல. அது ஒரு மனுஷியின் சுயமரியாதை.

2011 மக்கள் தொகைக் கணக்கின்படி இந்தியாவில் மாற்றுத் திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் 11 லட்சத்து 79 ஆயிரம் பேர். 1995-ம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகை ஊனங்களே சொல்லப்பட்டிருந்தன; 2016-ம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக விரித்தது. சர்க்கார் கல்லூரிகளிலும் சர்க்கார் உதவி பெறும் கல்லூரிகளிலும் 5 சதவீதத்துக்குக் குறையாமல் அவர்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. கட்டடம், வளாகம், வசதிகள் எல்லாம் அவர்கள் அணுகத் தக்கதாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. வகுப்பறைக்கு மட்டும் சாய்தளம் கட்டி விட்டால் வேலை தீர்ந்தது என்று எங்கே எழுதியிருக்கிறது? ஸ்டோரும் வசதிதான், அதுவும் வளாகம்தான்.

இந்தச் சட்டத்துக்கான விதிகள் 2017 ஜூன் 15 அன்று வெளியாயின. இருக்கும் பொதுக் கட்டடங்களைச் சரி செய்ய ஐந்தாண்டுக் கெடு. நிலைமைக்கேற்ப நீட்டித்துத் தரச் சர்க்காருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் பொதுவான கெடு 2022 ஜூனோடு முடிந்து விட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவும் உயர் கல்வி நிலையங்களுக்கென்று அணுகல் வழிகாட்டு நெறிகளை 2022-ல் வெளியிட்டது. 2024 நவம்பர் 8 அன்று சுப்ரீம் கோர்ட் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. ராஜீவ் ரதூரி என்ற பார்வையற்ற மனிதர் 2005-ல் தொடுத்த வழக்கு அது. அணுகல் தரங்கள் வெறும் சிபாரிசாக இருந்தால் போதாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று கோர்ட் தீர்ப்பளித்தது. சிபாரிசு மட்டத்திலேயே நின்ற விதி, மூலச் சட்டத்துக்கு முரணானது என்று தள்ளியது. கட்டாய விதிகளை வகுக்க மத்திய சர்க்காருக்கு மூன்று மாதம் தவணை கொடுத்தது.

சட்டம் பேசி விட்டது. கோர்ட்டும் பேசி விட்டது. படிக்கட்டு மட்டும் அப்படியே நிற்கிறது!

இதைச் சரி செய்ய எவ்வளவு ஆகும்? கணக்குப் போடுவோம். ஒரு படி 15 சென்டிமீட்டர் உயரம் என்றால் மூன்று படி 45 சென்டிமீட்டர். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது சாய்தளத்தின் விதி. அப்படியானால் வேண்டியது 5.4 மீட்டர் நீளமுள்ள சாய்தளம். மேலும் கீழும் நாற்காலி நின்று திரும்ப ஒன்றரை மீட்டர் சமதளம். இரு பக்கமும் கைப்பிடி. கதவு திறப்பு 90 சென்டிமீட்டர். கவுண்டரில் ஒரு பகுதியாவது 75 முதல் 80 சென்டிமீட்டர் உயரத்துக்குள். இவ்வளவுதான். ஒரு கொத்தனாரும் இரண்டு சித்தாளும் சில நாளில் முடிக்கக் கூடிய வேலை. ஆண்டு விழாப் பந்தலுக்குச் செலவிடும் கல்லூரிக்கு இது பாரமா?

ஆனால் ஒரு எச்சரிக்கை. சாய்தளம் என்ற பெயரில் மலைச் சரிவைப் போல் சிமெண்டைப் பூசி விட்டு, 'முடித்து விட்டோம்' என்று போட்டோ எடுத்துக் கொள்ளும் வழக்கம் உண்டு. நாற்காலிக்காரர் அதில் ஏறினால் பின்னால் கவிழ்வார். அது கண்துடைப்பு. அளவெடுத்துப் பார்த்து ஏற்க வேண்டும்.

பார்வையற்ற மாணவருக்கு வேண்டியது வேறு: வழியில் சைக்கிள் நிறுத்தாத, குழியில்லாத பாதை, ஒரே இடத்தில் மாறாமல் இருக்கும் பண்டங்கள், விலையை வாய்விட்டுச் சொல்லும் ஊழியர். காது கேளாதவருக்கு வேண்டியது பெரிய எழுத்தில் தமிழில் எழுதிய விலைப் பலகை. இவையெல்லாம் அவர்களுக்கு மட்டுமா பயன்படும்? கால் முறிந்து கட்டுப் போட்டவன், கர்ப்பிணியான ஆசிரியை, மூட்டுவலிக்காரரான பெருக்கும் அம்மாள், தலையில் கட்டுச் சுமந்து வரும் சரக்குத் தொழிலாளி, எல்லோருக்கும் அந்தச் சாய்தளம்தான் வழி.

சாக்குப் போக்குகள்

"அறை இல்லை" என்பது முதல் சாக்கு. அறை இல்லாமலில்லை, ஸ்டோருக்கு அறை இல்லை. கிடங்காகக் கிடக்கும் கீழ்த்தள அறைகளை எண்ணிப் பாருங்கள். மாடிக்குப் போக வேண்டியது உடைந்த மேஜையா, மாணவனா?

"இந்தக் காலத்தில் எல்லாம் செல்போனிலேயே வாங்குகிறார்களே" என்பது இரண்டாவது சாக்கு. நகரத்தில், கையில் பணமுள்ளவன் வாங்குகிறான். ஒரு கிராஃப் தாளுக்கும் ஒரு ரீபிலுக்கும் அனுப்புக் கூலி கட்டி யார் வாங்குவார்கள்? நாளை காலை பிராக்டிகல் என்றால் இன்றைக்கே கிராமத்து வீட்டு வாசலில் கொண்டு வந்து தருவார்களா? கடையைச் சொந்தமாக வைத்திருப்பவன் மாணவனாக இருந்தால், விலையைக் கேள்வி கேட்கலாம், கணக்கைக் கேட்கலாம், கமிட்டியை மாற்றலாம். செல்போனுக்குள் இருக்கும் கடையை யார் கேட்பது?

"மாற்றுத் திறனாளி மாணவர் இரண்டு பேர்தானே இருக்கிறார்கள், அவர்களுக்கு வேண்டியதை வகுப்புக்கே கொடுத்தனுப்பி விடுகிறோம்" என்பது மூன்றாவது. தயவு வேறு, உரிமை வேறு. தயவு இன்றிருக்கும், நாளை இராது. அன்றியும், இரண்டு பேர் மட்டும் ஏன் இருக்கிறார்கள்? படிக்கட்டைக் கண்டு வாசலிலேயே திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்று யாராவது எண்ணியதுண்டா?

ஆனால் நடக்கவே முடியாதவர்களின் வீட்டுக்கே பண்டத்தைக் கொண்டு போகலாம் என்பதையும் நாம் மறுக்கவில்லை. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியோருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் ரேஷன் பண்டம் வீடு தேடிப் போகிறது. பதினைந்து கிலோ அரிசி வீட்டு வாசலுக்குப் போக முடிகிற நாட்டில், ஒரு நோட்டுக் கடை மாடியிலிருந்து கீழே இறங்கி வர முடியாதா?

நாம் கேட்பது என்ன?

கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். அப்போதுதான் நிர்வாகம் நழுவ முடியாது.

1. ஸ்டோர் கீழ்த்தளத்தில் இருக்க வேண்டும். வாசலுக்கும் லைப்ரரிக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவே, மாணவர் தினசரி நடக்கும் பாதையில் இருக்க வேண்டும்.

2. விதிப்படியான சாய்தளம், அகலமான கதவு, தாழ்ந்த கவுண்டர், நல்ல வெளிச்சம். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்காத பாதை.

3. காலையில் வகுப்புக்கு முன் அரை மணி, மத்தியான இடைவேளை முழுதும், மணி அடித்த பின் பஸ் கிளம்பும் வரை என்று மாணவர் வரக் கூடிய நேரங்களிலெல்லாம் ஸ்டோர் திறந்திருக்க வேண்டும். மாலைச் சுழற்சி உள்ள இடத்தில் அவர்களுக்கும் நேரம். ஹாஸ்டலில் ராத்திரி ஒரு மணி நேரம் சிறு கிளை.

4. அறைக்கு வாடகை பெயரளவுக்கே. கூட்டுறவு ஸ்டோரைத் தனியார் ஏலத்தோடு போட்டியிடச் சொல்லக் கூடாது.

5. எல்லாப் பண்டங்களின் விலையும் பெரிய எழுத்தில் பலகையில். ஒவ்வொரு விற்பனைக்கும் ரசீது. நாப்கின் எப்போதும் இருப்பில். கேட்டு நிற்காமல் பெண்கள் தாமே எடுத்துக் கொள்ளும் வசதி.

6. பழைய பாடப் புத்தகங்களை வாங்கி விற்கும் ஏற்பாடு.

7. ஸ்டோர் ஊழியருக்கு நியாயமான சம்பளம், மாற்று ஆள், உட்கார நாற்காலி. கடைத் தொழிலாளி உட்காரும் உரிமைக்காகத் தமிழ்நாடு சட்டமன்றம் 2021-ல் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. பாடம் சொல்லித் தரும் கல்லூரியிலேயே அந்தப் பாடம் அமலாக வேண்டாமா?

8. தேர்ந்தெடுக்கப்பட்ட கமிட்டி. அதில் மாணவி ஒருவரும், மாற்றுத் திறனாளி ஒருவரும், ஹாஸ்டல் மாணவர் ஒருவரும் கட்டாயம்.

யார் செய்வது?

மகஜர் கொடுத்து விட்டுக் காத்திருந்தால் இந்த வேலை நடக்காது. மாணவ நண்பர்களே, முதலில் கணக்கெடுங்கள். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். மூன்று நாட்கள், மணிக்கு மணி, வாசலில் எத்தனை பேர், லைப்ரரி முனையில் எத்தனை பேர், ஸ்டோர்ப் பக்கம் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று குறித்துக் கொள்ளுங்கள். ஸ்டோருக்குப் போய் வர எத்தனை நிமிஷம் என்று கடிகாரம் வைத்து அளவுங்கள். படிக்கட்டின் உயரத்தையும் கதவின் அகலத்தையும் டேப் வைத்து அளவுங்கள். சக்கர நாற்காலிக்காரரையும் பார்வையற்றவரையும் கூட அழைத்துச் சென்று, எங்கே தடுக்கிறது என்று அவர்கள் வாயாலேயே கேளுங்கள். சும்மா கிடக்கும் கீழ்த்தள அறைகளின் பட்டியலைத் தயாரியுங்கள். வெளிக்கடை விலையையும் மொத்த விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இந்தக் காகிதத்தை வைத்துக் கொண்டு பொதுச் சபைக் கூட்டத்தைக் கூட்டக் கோருங்கள். ஆவேசமான பேச்சை நிர்வாகம் சமாளித்து விடும். அளந்து எழுதிய கணக்கைச் சமாளிப்பது கஷ்டம்.

ஆசிரியர்களும் அலுவலக ஊழியர்களும் இதில் பக்கத்தில் நிற்க வேண்டும். அவர்களும் அதே கடையில் வாங்குகிறவர்கள்தாம். நல்ல எண்ணமுள்ள பிரின்ஸிபால்கள் நம்மிடையே இல்லாமலில்லை. அவர்கள் ஒரு அறைக் கதவைத் திறந்து விட்டால் போதும். மற்றதை மாணவர்கள் பார்த்துக் கொள்வார்கள். கூட்டுறவுத் துறை அதிகாரிகளும் தணிக்கைக்கு வரும்போது, கணக்குப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவதோடு நில்லாமல், ஸ்டோர் இருக்கும் இடத்தைச் சற்று நடந்து வந்து பார்க்கட்டும். முடிந்தால் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வந்து பார்க்கட்டும்.

ஸ்டோர் வாசலுக்கு வந்தால் விற்பனை பெருகும். விற்பனை பெருகினால் கொள்முதல் விலை இறங்கும். விலை இறங்கினால் ஏழை மாணவன் பையில் நாலு காசு மிஞ்சும். அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. பதினெட்டு வயதில் ஒரு கடையைத் தாங்களே நடத்தி, கணக்குப் பார்த்து, தவறு கண்டால் தட்டிக் கேட்டு, எல்லோரும் உள்ளே வர வழி செய்து பழகிய இளைஞர் கூட்டம், நாளைக்கு ஊரையும் அப்படியே நடத்தக் கேட்கும். சொந்தக் காரியத்தைக் கூடிச் செய்யும் பழக்கத்தை எந்தப் பாடப் புத்தகமும் இவ்வளவு நன்றாகக் கற்றுத் தராது.

அடுத்த கல்வியாண்டு தொடங்கும் போது, புதிதாக வரும் பிள்ளைகள் யாரையும் வழி கேட்காமலே ஸ்டோரைக் காண வேண்டும். அதற்கான வேலையை இந்த வாரமே தொடங்குங்கள்.